யாருக்கு நன்றி, யாருக்குப் போதும்

படையினர் வைத்திருந்த காணி வன்னியில் விடுவிக்கப்படும்போது பெரும்பாலும் ஒரு நிகழ்வு நடக்கும். பந்தல் போட்டுக் கதிரை அடுக்குவார்கள். சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் ஆவணக் கோவையை அரசாங்க அதிபரிடம் கையளிப்பார். மறுநாள் பத்திரிகையில் அது ‘நல்லெண்ண நடவடிக்கை’ என்று வரும். காணிக்காரர் அங்கே ஒரு வார்த்தை பேசினாலும் பேசாவிட்டாலும், அவர் நன்றி சொல்லியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த மேடையின் ஒழுங்கிலேயே இருக்கிறது. அதே காணிக்காரர் கிறிஸ்தவராக இருந்தால் அடுத்த ஞாயிறு கோயிலிலும் நன்றி சொல்வார். பூசைக்கு ஒப்புக்கொடுப்பார், மெழுகுதிரி கொளுத்துவார். இந்த இரண்டு நன்றிகளும் ஒன்றா? இல்லை என்பதும், கோயிலில் சொல்லப்படும் நன்றியைச் சரியாக விளங்கிக்கொண்டால் மேடையில் எதிர்பார்க்கப்படும் நன்றிக்கு இடமே இராது என்பதும்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. நன்றியும் போதுமென்ற மனமும் கிறிஸ்தவ வாழ்வின் அடிப்படைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முப்பதாண்டு யுத்தத்தின் பின்னர் இந்த மண்ணில் அவை யாரை நோக்கிப் போதிக்கப்படுகின்றன, யாருடைய வசதிக்கு உதவுகின்றன என்று கேட்காமல் அவற்றைப் போதிக்க முடியாது.

முதலில் அந்தப் போதனைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று தெசலோனிக்கருக்கு எழுதிய பவுல் வசதியான மேசையிலிருந்து எழுதியவர் அல்லர். குறைவிலும் நிறைவிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பிலிப்பியருக்கு அவர் எழுதியது காவலில் இருந்தபோது. வன்னிக் கிறிஸ்தவத்தின் மரபும் இப்படித்தான் தொடங்கியது. 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தைக் கத்தோலிக்கர் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன இடம்தான் மருதமடு. இடம்பெயர்ந்தவர்கள் கட்டிய கோயிலுக்குத்தான் இன்று இலட்சக்கணக்கானோர் நேர்த்தி வைத்துப் போகிறார்கள். 1999 நவம்பரில் அதே வளவில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே நன்றி சொல்லப்படுகிறதென்றால் அதை மூளைச்சலவை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். இழப்பு தன்னை முழுதாக விழுங்க விடாமல் ஒரு மனிதர் தடுக்கும் வழிகளில் நன்றி மிகப் பழையது. நேற்றைய நாளை இழந்தவர் இன்று கிடைத்த ஒரு கோப்பைத் தேநீரைத் தேநீராகவே பெற்றுக்கொள்கிறார். அதற்கு உரம் வேண்டும்.

ஆனால் அந்தப் பவுலையே முழுதாக வாசிக்க வேண்டும். மனநிறைவைப் பற்றி அவர் எழுதியது பிலிப்பி என்ற ஊரின் சபைக்கு. அதே ஊரில் அவருக்கு நடந்ததை அப்போஸ்தலர் பணிகள் பதினாறாம் அதிகாரம் விரிவாகச் சொல்கிறது. விசாரணை எதுவுமில்லாமல் பவுலையும் சீலாவையும் பகிரங்கமாகத் தடியால் அடித்து, காலைத் தொழுவில் மாட்டி, உட்சிறையில் போட்டார்கள். நள்ளிரவில் அவர்கள் அங்கே கடவுளைப் புகழ்ந்து பாடினார்கள். பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அடுத்த நாள் காலையில் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. அவர்களை விட்டுவிடும்படி நடுவர்கள் ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போக மறுக்கிறார். உரோமைக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் ஊர் பார்க்க அடித்துவிட்டு இப்போது இரகசியமாக வெளியேற்றப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். நடுவர்கள் பயந்துபோய் நேரே வந்து சமாதானம் பேசி அழைத்துச் செல்கிறார்கள். பாடியதும் மறுத்ததும் ஒரே ஆள். இடையில் ஓர் இரவுகூட முழுதாகக் கழியவில்லை. விடுதலை கிடைத்ததே போதும் என்று அவர் எழுந்து போயிருக்கலாம். ஆனால் தவறு செய்தவர்கள் தவறை ஒப்புக்கொள்ளாத விடுதலையை அவர் ஒரு கொடையாக ஏற்கவில்லை. பின்னாளில் பிலிப்பியர் அனுப்பிய உதவிக்கு அவர் மனமுருகி நன்றி எழுதினார். தன்னை அடித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு நன்றி சொன்னதாக எங்கும் இல்லை.

கிறிஸ்தவ நன்றியின் அமைப்பே இங்கே தெரிந்துவிடுகிறது. உயிர், மண், கடல், மழை, உறவு ஆகிய எல்லாவற்றையும் தருபவர் கடவுள் என்பது அதன் முதல் நம்பிக்கை. அப்படியானால் இடையில் நின்று அவற்றைப் பறித்தவர், பறித்ததைத் திருப்பித் தரும்போது கொடையாளி ஆகிவிட முடியாது. அவர் செய்வது கடமை. பல வேளைகளில் பிந்திப்போன கடமை. சக்கேயு என்ற வரி வசூலிப்பவர் தான் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது ஊரார் அவருக்கு நன்றிக் கூட்டம் நடத்தியதாக லூக்கா எழுதவில்லை. சக்கேயுவும் அதை எதிர்பார்க்கவில்லை. தனது வாழ்வு யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவரிடம் அதற்கான நன்றியை வேறொருவர் வசூலிப்பது கடினம். இதனால் மனிதர்களுக்கு நன்றி சொல்லக் கூடாதென்று ஆகாது. தம்மிடம் இருந்ததிலிருந்து பகிர்ந்தவர்களுக்கும், கடமைக்கு மேல் செய்தவர்களுக்கும் கட்டாயம் சொல்ல வேண்டும். யுத்தத்தின் கடைசி வாரங்களில் மருந்தில்லாமலும் வேலை செய்த வைத்தியர்களுக்கும், மக்களை விட்டுப் போகாத குருக்கள், துறவியருக்கும் வன்னி பட்டிருக்கும் நன்றிக்கடன் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. உருத்திரபுரத்தின் பங்குத்தந்தையாக இருந்த மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகளார் இறுதிவரை மக்களோடு நின்று 2009 மே 18 அன்று மாரடைப்பால் இறந்தார். கொடையென்றால் அதுதான்.

இதைக் கோட்பாடாக மட்டும் சொல்லாமல் ஓர் ஊரின் கதையில் வைத்துப் பார்க்கலாம். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது இரணைதீவு. பெரியதீவு, சின்னத்தீவு என்று பக்கத்துப் பக்கமாகக் கிடக்கும் இரண்டு தீவுகள். மக்கள் கத்தோலிக்கர், தொழில் கடல். 1992 இல் அங்கிருந்து வெளியேறி முழங்காவில் பக்கத்தில் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கு இரணைமாதா நகர் என்று பெயரானது. தீவில் கடற்படை நிலைகொண்டது. இறுதி யுத்தத்தில் அவர்கள் மறுபடியும் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமுக்குள் இருந்து, இரணைமாதா நகருக்கே திரும்பி வந்தார்கள். கரையிலிருந்து தீவுக் கடலுக்குப் போய் வர மண்ணெண்ணெய் செலவு. தீவிலேயே இருந்தால் வற்றுக்கடலில் பெண்கள் நடந்தே அட்டையும் நண்டும் எடுக்கலாம். மனுக் கொடுத்தார்கள், கச்சேரிக்கு நடந்தார்கள். 2017 மே முதலாம் திகதி தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஓராண்டு இருந்தும் முடிவு வராததால், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள். இறங்கியதும் கைவிடப்பட்டுக் கிடந்த தங்கள் கோயிலில் கூடிச் செபித்தார்கள். அடுத்த மாதமே அவர்கள் அங்கு இருப்பதை அரசு ஏற்றுக்கொண்டது. இந்த மக்கள் நன்றியற்றவர்களா? அவர்கள் எங்கே நன்றி சொன்னார்கள் என்பதைக் கவனித்தால் போதும். அனுமதிக்குக் காத்திராமல் வந்திறங்கி, இடிந்த கோயிலுக்குள் நின்று சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக முழங்காவிலில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்து, கல்யாணம் கட்டிக்கொடுத்து, திருநாள் கொண்டாடியவர்களும் அவர்களே. உள்ளதைக் கொண்டு வாழ்ந்தார்கள், உரியதை விட்டுக்கொடுக்கவில்லை.

மனநிறைவைப் பற்றிய கேள்வியும் இங்கேதான் திரும்புகிறது. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்ற பழமொழியை நாம் வழக்கமாக இல்லாதவருக்கே சொல்கிறோம். வேதாகமம் அதைப் பெரும்பாலும் இருப்பவருக்குச் சொல்கிறது. அரசர்கள் முதலாம் நூலில் வரும் நாபோத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அதைக் கீரைத் தோட்டமாக்க ஆகாபு அரசனுக்கு ஆசை. அரசன் முதலில் கொடுமை எதுவும் செய்யவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமென்றால் பணமாகத் தருகிறேன் என்றுதான் கேட்கிறான். நாபோத்து மறுக்கிறான், அது தகப்பன் வழி வந்த காணி. இந்தக் கதையில் போதுமென்ற மனம் இல்லாதவன் யார்? சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட அரசன்தான். மாற்றுக் காணிக்கு இணங்காத நாபோத்தை இறைவாக்கினர் எலியா கடிந்துகொள்ளவில்லை. அவர் போனது ஆகாபுவிடம். வன்னியிலும் இதே கதைதான்: காணியில் படை முகாம் அமைந்த கேப்பாப்பிலவு மக்களுக்கு 2012 இல் சீனியாமோட்டையில் ‘மாதிரிக் கிராமம்’ கொடுக்கப்பட்டது. வீடு இருக்கிறதுதானே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டது. 2017 இன் தொடக்கத்தில் அதே ஊரின் பிலக்குடியிருப்புப் பெண்கள் கைக்குழந்தைகளோடு விமானப்படை முகாம் வாசலில் பனியில் படுத்திருந்து, மார்ச் முதலாம் திகதி தங்கள் காணிக்குள் போனபோதும் சிலருக்கு அது பிடிவாதமாகவே தெரிந்தது. அந்தப் பெண்களுக்கு மனநிறைவைப் போதிக்கப் புறப்படும் பிரசங்கி முதலில் முகாமுக்குள் போய் அதைப் போதித்திருக்க வேண்டும். காணி தேவைக்கு மேல் குவிந்திருந்தது வேலிக்கு அந்தப் பக்கம்.

நன்றியிலும் பொய்யான நன்றி உண்டு என்பதை நற்செய்தியே ஒளிக்காமல் சொல்கிறது. லூக்காவின் பதினேழாம், பதினெட்டாம் அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்தால் இது விளங்கும். முதலில் குணமான பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்து நன்றி சொன்ன ஒருவன் வருகிறான். அவன் அந்நியன், சமாரியன். பிறகு நீதி கேட்டு நடுவரின் வாசலை விடாத கைம்பெண் வருகிறாள். ஓயாமல் செபிப்பதற்கு இயேசு காட்டும் உதாரணம் அவள்தான். அவளுக்கு அடுத்ததாக ஒரு பரிசேயன் கோவிலில் நின்று நன்றி சொல்கிறான்: தான் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காக. நற்செய்தியில் ஏற்கப்படாமல் போன நன்றி அது. மற்றவருடைய தாழ்வு இல்லாவிட்டால் அந்த நன்றிக்கு நிற்க இடமில்லை. இந்தப் பரிசேயன் நமக்கு அந்நியனல்லன். 1958, 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களில் பலருக்கு இன்றும் காணி உறுதியும் இல்லை, வாய்க்கால் தண்ணீரும் இல்லை. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலின் விளைச்சலுக்கு அறுவடைத் திருநாளில் நன்றி சொல்லும்போது, அந்த வயலில் கூலிக்கு நின்றவரின் குடிசை நம் நன்றிக்குள் வருகிறதா? வராவிட்டால் நாம் சொல்வது பரிசேயனின் நன்றி.

இதைவிடக் கடினமானது தப்பியவர்களின் நன்றி. அடுத்த பங்கருக்கு மேல் ஷெல் விழுந்தது, கடவுள் எங்களைக் காப்பாற்றினார் என்ற சாட்சியம் வன்னியின் எல்லாச் சபைகளிலும் உண்டு. அதைச் சொல்பவரை யாரும் குறைசொல்ல முடியாது. உயிர் மீண்டவர் முதலில் வேறென்ன சொல்வார்? ஆனால் அடுத்த பங்கரில் இருந்தவர்களும் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நம்மைக் காத்தவர் அவர்களைக் கைவிட்டாரா என்ற கேள்வி அந்தச் சாட்சியத்தின் காலடியிலேயே இருக்கிறது. தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஆதாரமாக உயிர் பிழைத்ததைக் காட்டினால் நன்றி இறந்தவர்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும். இதற்கு இறையியல் முழு விடை வைத்திருப்பதாக நான் நம்பவில்லை. யோபுவின் நூலும் விடை தரவில்லை. விடை தந்த நண்பர்களைக் கடவுள் கண்டித்தார் என்றுதான் அது சொல்கிறது. ஆனால் நன்றி தன்னைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. மீதமாகக் கிடைத்த உயிரை உரிமையாக எண்ணாமல் பொறுப்பாக எண்ணுவது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கச்சேரிக் கணக்குகளை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதைக் கேட்ட ஒரு மேய்ப்பர் தப்பியவர்களுக்காக நன்றிப் பூசையும் ஒப்புக்கொடுத்திருப்பார். அந்தக் கேள்வி அந்தப் பூசையை அசுத்தப்படுத்தவில்லை. அது இல்லாமல்தான் பூசை குறைபட்டிருக்கும்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது இடதுசாரி நண்பர்களிடமிருந்து வருவது: நன்றி எப்படிச் சொன்னாலும் மயக்க மருந்துதான், கோபத்தை ஆற்றிப் போராட்டத்தைத் தணித்துவிடும் என்பது. நன்றி மனதை ஆற்றும் என்பது உண்மை. 2003 இல் இராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மக்கலோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தாம் பெற்ற நன்மைகளைக் குறித்துவைத்தவர்கள் தொல்லைகளைக் குறித்துவைத்தவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். ஆனால் மனம் ஆறினால் போராட்டம் படுத்துவிடும் என்பதற்கு வன்னி சாட்சி சொல்லவில்லை. நீண்ட போராட்டங்களைக் கோபம் மட்டும் தாங்குவதில்லை. கோபம் விரைவில் களைத்துப்போகும். ஓராண்டு கொட்டகையில் இருந்த இரணைதீவுப் பெண்கள் இடையிடையே செபமாலை சொல்லித் தங்களைத் தாங்கிக்கொண்டார்கள் என்றால், அந்தச் செபம் போராட்டத்தைத் தணித்ததா, நீட்டியதா? தனக்கென்று நல்லது ஒன்று இருந்தது, இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது பறிபோனதும் தெரியும். கடலுக்கு நன்றி சொல்லாத ஊர் கடலைத் திரும்பக் கேட்டிராது. மார்க்சியர் அஞ்ச வேண்டிய நன்றி ஒன்று உண்டு. அது தேர்தல் காலத்தில் நிவாரணப் பொதியோடு வரும் நன்றி. அதற்கும் செபமாலைக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது மறுப்பு பக்தர்களுடையது, இன்னும் வலிமையானது. பாலைநிலத்தில் முறுமுறுத்த இஸ்ரயேலரைக் கடவுள் தண்டித்தார் அல்லவா? கிடைத்த மன்னாவை அற்பமாக எண்ணி இறைச்சி கேட்டவர்களின் கதை எண்ணாகமத்தில் இருக்கிறதே, முறைப்பாடு செய்வது நன்றிகேடுதானே என்று கேட்பார்கள். ஆனால் அதே மக்கள் எகிப்தில் செங்கல் சூளையில் நின்று கூக்குரலிட்டபோது கடவுள் அதை முறுமுறுப்பென்று சொல்லவில்லை. உங்கள் கூக்குரலைக் கேட்டேன், விடுவிக்க இறங்கி வந்தேன் என்றார். இரண்டு குரல்களுக்கும் வேறுபாடு தெளிவானது. எகிப்தில் எழுந்த குரல் விடுதலையை நோக்கியது. பாலைநிலத்தில் எழுந்த குரல் எகிப்தின் இறைச்சிப் பானைகளுக்கு ஏங்கியது. அடிமையாக இருந்தாலும் வயிறு நிறைந்ததே என்றது. அப்படிப் பார்த்தால் தண்டிக்கப்பட்ட அந்த முறுமுறுப்புக்கு நம் நாளில் நெருங்கியது, காணாமல்போன பிள்ளையைக் கேட்டு வீதியில் இருக்கும் தாயின் குரல் அல்ல. நிவாரணமும் வீதியும் வந்துவிட்டன, பழையதைக் கிளறாமல் இருந்தால் இன்னும் வரும் என்ற புத்திமதிதான். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்களவு புலம்பலும் முறைப்பாடும் என்பதை இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அவற்றை நீக்கிவிட்டு நன்றிச் சங்கீதங்களை மட்டும் பாடும் சபை பாதிப் புத்தகத்தோடு செபிக்கிறது.

மூன்றாவது மறுப்பு தமிழ் அறத்திலிருந்தே எழக்கூடியது. செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், பிறர் செய்த நன்மையை மறக்கக் கூடாது, தீமையை அன்றைக்கே மறந்துவிட வேண்டும் என்கிறார். அப்படியிருக்கத் தீமையை ஆண்டுதோறும் நினைவுகூர்வது என்ன அறம் என்று கேட்கலாம். மறப்பதற்குத் தீமை முதலில் முடிந்திருக்க வேண்டும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டம் கடந்த காலத் தீமையைப் பற்றியதல்ல. பிள்ளை எங்கே என்று சொல்லப்படாத ஒவ்வொரு நாளும் அந்தக் குற்றம் புதிதாக நடக்கிறது. பன்னாட்டுச் சட்டமும் வலிந்து காணாமலாக்குதலைத் தொடரும் குற்றமாகவே கொள்கிறது. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு படையினரிடம் போன பிரான்சிஸ் யோசேப்பு அடிகளாரைப் பற்றி இன்றுவரை பதிலில்லை. அவர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 2022 இல் இந்தக் குடும்பங்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை முடிவு செய்தபோது தாய்மார் வேண்டாம் என்றார்கள். வறுமையில் இருப்பவர்கள் காசை மறுத்ததை நன்றிகெட்டதனம் என்று சொல்லலாமா? போதுமென்ற மனத்துக்கு இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பணத்தில் அவர்களுக்குப் போதும், உண்மையில்தான் போதவில்லை.

நன்றியும் முறைப்பாடும் ஒரே பாத்திரத்தில் இருக்க முடியுமா என்று இன்னும் சந்தேகிப்பவர்கள் மே மாதத்தில் வன்னித் தெருவோரத்தில் காய்ச்சும் கஞ்சியைப் பார்க்கலாம். அரிசி, தண்ணீர், உப்பு, வேறெதுவுமில்லை. பெரிய கிடாரத்தில் காய்ச்சிச் சிரட்டையில் வார்க்கிறார்கள். குடிப்பவர் நின்றபடியே குடிக்கிறார். 2009 இல் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் தறப்பாளுக்கு வெளியே வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சி அது. ஷெல்லடிக்கு நடுவே அதைக் காய்ச்சியவர்களுக்கும், தன் பங்கைக் குழந்தைக்குக் கொடுத்தவர்களுக்கும் அது நன்றி. அவ்வாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுபதாயிரம் பேரளவில்தான் இருக்கிறார்கள் என்று கொழும்பு சொன்னது. யுத்தம் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்கள் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். கஞ்சி ஏன் அவ்வளவு தண்ணீராக இருந்தது என்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆகவே அந்தச் சிரட்டைக்குள் குற்றச்சாட்டும் இருக்கிறது. அதனால்தான் அதைக் காய்ச்சத் தடையும் கைதும் வந்தன. 2024 மேயில் சம்பூரில் கஞ்சி கொடுத்த பெண்கள் கைதானார்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இயேசு அப்பத்தை எடுத்து நன்றி கூறினார் என்பதைத் திருச்சபை பூசையில் நினைவுகூர்கிறது. அந்த நன்றியோடு காட்டிக்கொடுத்ததும் சொல்லப்படுகிறது. தெருவோரக் கஞ்சிக்கும் பீடத்து அப்பத்துக்கும் சடங்கில் எவ்வளவோ தூரம். அமைப்பில் இரண்டும் ஒன்றே.

இவ்வளவும் சொன்ன பிறகு மனநிறைவுக்கு அதன் சொந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாக் குறைகளுக்கும் வேறு யாரோ காரணம் என்று சொல்லித் தப்பிவிடுவோம். யுத்தம் முடிந்ததும் ஏ9 வீதியால் வன்னிக்கு முதலில் வந்தவற்றில் லீசிங் கம்பனிகளும் கிழமைக் கடன்காரரும் அடங்குவர். தொழில் அழிந்த மக்களிடம் மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சியும் தவணைக்கு வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. அதற்கு மேல் போட்டுக் கட்டி முடிக்கப்போய்க் கடனில் விழுந்தவர்கள் பலர். நுண்கடன் பெண்களை நெரித்ததால் 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்குக் குறைந்த கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. இந்தக் கடன்களில் பெரும்பகுதி பேராசையால் வந்ததல்ல, வயிற்றுப்பாட்டால் வந்தது. அதை மறந்து பெண்களைக் குற்றம் சொல்வது இன்னொரு பரிசேயத்தனம். ஆயினும் பக்கத்து வளவில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடியைப் பார்த்துப் போட்ட கொங்கிறீற்றும், பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஹெலியில் பூத் தூவ வாங்கிய வட்டிக்காசும் இருக்கின்றன. மன்னாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் எடுக்கச் சொன்ன கட்டளை இங்கே நேராகப் பேசுகிறது. அது சபைகளையும் விடவில்லை. வெளிநாட்டுப் பங்குமக்களின் காசில் கோபுரத்தை உயர்த்துவதற்குப் போட்டியிடும் கோயில்களும், ஆசீர்வாதத்தைக் காணிக்கையின் அளவோடு முடிச்சுப்போடும் ஊழியங்களும் மனநிறைவைப் பற்றிப் பிறருக்குப் பிரசங்கிக்கும் முன் தங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. நம் ஆசைக்கு நாமே போதும் என்று சொல்லிக்கொள்வது துறவு. அடுத்தவருடைய இழப்புக்கு நாம் போதும் என்று சொல்வது அதிகாரம்.

ஆகவே வன்னியின் ஒரு பங்கு நன்றியைப் பழகுவதென்றால் அது என்ன செய்யும் என்று நடைமுறையாகச் சொல்லலாம். நன்றிப் பூசை நடக்கும் அதே ஞாயிறு, மன்றாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசிக்கும். அறுவடைத் திருநாளில் ஏலம் போகும் வாழைக்குலையின் காசில் ஒரு பகுதி காணியில்லாத குடும்பத்தின் பெர்மிட் அலுவலுக்குப் போகும், அந்தக் குடும்பம் வேறு சமயமாக இருந்தாலும். கிழமைக் கடனில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பொறுமையைப் போதிப்பதற்கு முன் பங்கில் ஒரு சிக்கனக் கூட்டுறவை நடத்தும். காணி விடுவிப்பு மேடையில் அழைத்தால் பங்குத்தந்தை போவார். காணிக்காரரோடு சேர்ந்து மகிழ்வார். மிச்சக் காணி எப்போது என்று அங்கேயே கேட்பார். இதில் எதற்கும் புதிய இறையியல் தேவையில்லை. பிலிப்பியின் சிறையில் இரவு பாடிவிட்டுக் காலையில் வாசலைத் தாண்ட மறுத்தவரின் இறையியலே போதும். நன்றியுள்ளவர் மெதுவானவர், எதையும் பொறுத்துக்கொள்பவர் என்று எண்ணித்தான் அதிகாரம் எப்போதும் நன்றியை விரும்புகிறது. அந்தக் கணக்குத் தவறென்று காட்டும் பொறுப்பு வன்னியின் கிறிஸ்தவர்களுக்கு இருக்கிறது. தான் பெற்றது யாரிடமிருந்து என்று தெரிந்தவருக்கு, தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது யாரால் என்பதும் தெரியும்; முதலாவதைக் கோயிலிலும் இரண்டாவதைக் கச்சேரியிலும் அதே குரலில் சொல்ல அவரால் முடியும்.